சிலந்தியும் யந்திரமும்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. போரில் தோற்றுப்போன ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸ் ஒரு குகையில் ஒளிந்து கிடக்கிறான். எதிரே ஒரு சிலந்தி நூல் கட்டப் பார்த்து விழுகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. கடைசியில் கட்டிவிடுகிறது. அதைப் பார்த்து அவனும் எழுந்து போய் ஜெயிக்கிறான். கதை முடிந்ததும் வாத்தியார் நம்மைப் பார்ப்பாரே ஒரு பார்வை, அதில் நம்முடைய கணக்குப் பரீட்சை மார்க்குகள் அத்தனையும் தெரியும்.

அந்தச் சிலந்தியின் மேல் எனக்கு இத்தனை காலம் கழித்துக் கோபம் வந்திருக்கிறது. காரணம் ஒரு பஸ் பிரயாணம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. கைபேசியில் ஒரு கம்பெனியாரின் செயலியைத் திறந்தேன். அவர்களிடம் முன்பே கொஞ்சம் பணம் போட்டு வைத்திருந்தேன். ‘எந்த இடமானாலும் சரி’ என்பதைத் தொட்டு, 1,450 ரூபாய்க்குச் சம்மதம் சொன்னேன். திரையில் ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்தது. கையிலிருந்த காப்பி ஆறிப்போகும் மட்டும் சுழன்றது. பிறகு, ‘உங்கள் பயணம் உறுதி’ என்று பச்சை எழுத்து வந்தது. நிம்மதியாகப் பெட்டியைக் கட்டினேன்.

பஸ் புறப்படுகிற நேரத்தில் உதவியாளப் பையன் காகிதத்தைப் பார்த்தபடி என்னிடம் வந்தான்.

“சார், மத்த ரெண்டு பேரு எங்கே? வண்டி எடுக்கணும்.”

“எந்த ரெண்டு பேரு?”

“உங்க பேர்லே மூணு சீட்டு இருக்கே, சார். 21, 22, 23.”

கைபேசியைத் திறந்து கணக்கைப் பார்த்தேன். 4,350 ரூபாய் போயிருந்தது. “மற்ற இரண்டு பேரும் நான்தானப்பா” என்றேன். பையன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

மூன்று இடத்துக்குச் சொந்தக்காரனாகச் சௌகரியமாகத்தான் போனேன். செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் பரனூர் சுங்கச்சாவடியில் பஸ் நின்றது. சாலையோரத்தில் ஒரு குடும்பம்: புருஷன், பெண்டாட்டி, தூங்கி வழிகிற ஒரு குழந்தை, கரும்புக்கட்டு மாதிரி நாலு பைகள். அந்த மனிதர் ஓடி வந்து கதவைத் தட்டினார். பையன் கதவைப் பாதி திறந்து, “ஃபுல்லு, ஃபுல்லு!” என்று சொல்லிச் சாத்திவிட்டான். அவன் காகிதத்தின்படி அது உண்மை. என் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தின்மேல் என் துண்டு இருந்தது. இது எனக்கு உறைப்பதற்குள் பஸ் மேம்பாலம் ஏறிவிட்டது.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தேன். ரொம்ப மரியாதையான ஒரு குரல் பதில் சொல்லிற்று: “சிஸ்டம் தானாவே மறுபடி ட்ரை பண்ணிருக்கு, சார்.”

‘தானாவே’! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

தானாக எந்த யந்திரமும் முயலுவதில்லை. மழை தானாகப் பெய்கிறது. மாம்பழம் தானாக விழுகிறது. ‘ஒரு தடவை தவறினால் மறுபடி செய், மூன்று தடவை செய்’ என்று ஒரு மனிதன், சம்பளம் வாங்குகிறவன், குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதி வைத்தான். இன்னொரு மனிதன் அதைப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டான். இருவருக்கும் பெயர் உண்டு. தவறு நேர்ந்ததும் அந்தப் பெயர்களெல்லாம் மறைந்து ‘சிஸ்டம்’ என்ற ஒரே பெயர் மிஞ்சுகிறது. பழைய காலத்தில் இப்படிப்பட்டதற்கெல்லாம் விதி என்று பெயர் வைத்திருந்தோம். விதியின் பேரில் பழியைப் போட்டவர்கள் குறைந்தபட்சம் அதற்குப் படையலாவது வைத்தார்கள்.

என் அக்காள் மகன் சோழிங்கநல்லூரில் புரோகிராம் எழுதுகிற உத்தியோகத்தில் இருக்கிறான். அவனைக் கேட்டேன்.

“நாலு வரிதான், மாமா. கூப்பிட்டுப் பார், தவறினா திரும்பக் கூப்பிடுன்னு எழுதிடுவோம். எழுதாதவன் யாரு? நெட்வொர்க்னா நடுவிலே அறுந்து அறுந்துதான் வரும். அறுந்தப்பல்லாம் ‘தவறிவிட்டது’ன்னு காட்டினா, நீங்களே அடுத்த கடைக்குப் போயிடுவீங்க.”

அவன் சொல்வதில் பாதி நியாயம். காற்றிலும் கம்பியிலும் போகிற செய்தி வழியில் தொலைவது சகஜம். ஒரு தடவை தொலைந்தது என்பதற்காக ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஆட்சேபணை, அந்த நாலு வரியை எழுதுகிறவர்கள் அதை விடாமுயற்சி என்று நினைத்துக்கொள்வதில்தான்.

பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? நான் கேட்டது போய்ச் சேரவில்லை என்று அர்த்தமா? அல்லது போய்ச் சேர்ந்து, காரியமும் முடிந்து, ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கேட்டவனுக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். கதாசிரியர்களுக்கு இது பழைய சரக்கு. பதில் வராத ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாவல் நடத்தியிருக்கிறோம்! ஆனால் எங்கள் கதாநாயகன் பதில் வராவிட்டால் கொஞ்சம் யோசிப்பான். ‘அவள் படித்தாளா, அவள் அப்பா பிரித்தாரா?’ என்று ராத்திரி முழுவதும் விழித்திருப்பான். யந்திரம் விழித்திருப்பதில்லை. அடுத்த கணமே இரண்டாவது கடிதத்தைப் போடுகிறது. முதல் கடிதம் சேர்ந்து, எனக்கு 21ஆம் நம்பர் இடம் கிடைத்தாகிவிட்டது. பதில்தான் வரவில்லை. யந்திரம் இன்னொரு தடவை கேட்டது, 22 கிடைத்தது. மறுபடி கேட்டது, 23. நான் காப்பியை வைத்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில் நடந்தது இதுதான்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், கிராமத்துக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற பெரியவருக்குத் தெரிந்த மாற்றுத்தான். ஒருவர் தம் பையனிடம் 501 ரூபாயைக் கொடுத்தனுப்புகிறார். கூட்டத்தில் பையன் கொடுத்தானோ இல்லையோ என்ற சந்தேகத்தில், தாமும் வந்து 501 நீட்டுகிறார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைப் பின்னால் புரட்டுகிறார். “உங்க பேர்லே ஏற்கெனவே எழுதியாச்சுங்களே!” பணம் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் வித்தை. கேட்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுப்பது. அதே காரியத்தை மறுபடி கேட்டால் அதே எண்ணோடு கேட்பது. கேட்கப்படுகிறவர் நோட்டைப் பார்த்து, ‘இது முன்பே ஆயிற்று’ என்று பழைய பதிலையே திருப்பித் தருவது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. ரொம்ப நாளாகத் தெரியும். “அதுக்கும் டைம் வேணுமே, மாமா” என்றான் என் அக்காள் மகன். மறுபடி முயல நாலு வரி போதும். நோட்டு வைத்துக்கொள்ள நாலு நாள் ஆகும். நாலு வரியோடு கடையைத் திறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது கேட்கிறவனுடைய நஷ்டம். கேட்கப்படுகிறவன் கதி என்ன?

1986ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம், நடந்தே போய்விடலாம். இரண்டையும் இணைத்த கணிப்பொறித் தொடர்பில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது விநாடிக்கு 40 பிட்டாகப் படுத்துவிட்டது. பிட் என்பது செய்தியின் மிகச் சிறிய துணுக்கு. இன்றைய முறைப்படி ‘க’ என்று ஒரே ஓர் எழுத்தைக் கணிப்பொறியில் எழுத 24 பிட் வேண்டும். விநாடிக்கு இரண்டு தமிழ் எழுத்துக்கூடத் தேறாத வேகம். அந்த 400 கஜத்தை என் பாட்டி செய்தியை வாயில் போட்டுக்கொண்டு நடந்திருந்தால் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பாள்.

கம்பி அறுந்ததா? இல்லை. கூட்டம் கொஞ்சம் அதிகமாயிற்று; செய்திகள் வழியில் வரிசையில் நின்றன. அனுப்பிய யந்திரங்கள் பதில் வரத் தாமதமானதைக் கண்டு, செய்தி தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதையே மறுபடி அனுப்பின. அதுவும் வரிசையில் போய் நின்றது. வரிசை நீண்டது, தாமதம் கூடிற்று, தாமதம் கூடியதைக் கண்டு இன்னும் அனுப்பின. கடைசியில் கம்பி முழுவதும் போய்க்கொண்டிருந்தது ஒரே செய்தியின் நகல்கள். வான் ஜேக்கப்ஸன் என்பவரும் மைக்கேல் கேரல்ஸ் என்பவரும் இதை ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். அவர்கள் கண்ட மருந்து விடாமுயற்சிக்கு நேர் எதிரானது: செய்தி தொலைந்தது என்று தோன்றினால், அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள்; அனுப்புவதைக் குறை; மறுபடி முயல்வதற்கு முன் காத்திருக்கிற நேரத்தை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போ. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீரை இன்னும் திறந்துவிடாதே என்று எந்த விவசாயியும் சொல்லியிருப்பான்.

1986இல் தெரியாமல் செய்தார்கள், மன்னிக்கலாம். 2025ஆம் வருஷம் ஏப்ரல் 12ஆம் தேதி, சனிக்கிழமை, நம் நாட்டில் யூபிஐ பணப் பரிமாற்றம் முடங்கிற்று. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்க முடியாமல் ஜனங்கள் கைபேசியை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதை நடத்துகிற நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆராய்ந்து சொன்ன காரணம்: ‘அந்தப் பணம் என்ன ஆயிற்று, அந்தப் பணம் என்ன ஆயிற்று?’ என்று விசாரிக்கும் கேள்விகளைச் சில வங்கிகள் பழைய பரிமாற்றங்களுக்குக்கூட ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. பணம் கேட்டுக்கூட இல்லை, விசாரித்தே கழுத்தை நெரித்துவிட்டார்கள்! ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனை நிமிஷத்துக்கு நூறு பேர் வந்து, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுக் கொன்ற மாதிரி. பிறகு ஒரு கட்டுப்பாடு வந்தது: ஒரு பரிமாற்றத்தைப் பற்றி 2 மணி நேரத்துக்குள் 3 தடவைக்கு மேல் விசாரிக்கக் கூடாது, முதல் விசாரணைக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் வர வேண்டும். வங்கிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதிலே இன்னொரு கூத்து உண்டு. நாம் தொடுகிற செயலி நேராகக் கஜானாவுக்குப் போவதில்லை. செயலி ஒருவரைக் கேட்கிறது. அவர் இன்னொருவரைக் கேட்கிறார். அவர் வேறொருவரைக் கேட்கிறார். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சமர்த்துப் பிள்ளை, ‘தவறினால் மூன்று தடவை’ என்று எழுதி வைத்திருக்கிறான். முதலாமவர் மூன்று தடவை கேட்டால், இரண்டாமவர் அந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை, மூன்றாமவர் அந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. நாம் தொட்டது ஒரு தடவை. கடைசி வீட்டுக் கதவில் 27 தடவை இடி விழுகிறது. அந்த வீட்டுக்காரருக்கு ஜுரம் என்பதால்தான் முதல் தட்டுக்கே பதில் வரவில்லை என்பதை அந்த மூவரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சிலந்திக்கு வருகிறேன். அது ஏழு தடவை விழுந்தாலும் எழுபது தடவை விழுந்தாலும் யாருக்கு என்ன? குகை அதனுடையது, நூலும் அதனுடையது. அந்தக் குகையில் ஆயிரம் சிலந்திகள் ஒரே நூலில் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் விழுந்திருந்தால், புரூஸ் என்ன பாடம் கற்றிருப்பான்? நம் விக்கிரமாதித்தனும்தான் மறுபடி மறுபடி மரம் ஏறினான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேதாளம் ஒரு புதுக் கதை சொல்லிற்று; ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாக யோசித்தான். கடைசியில் அவனுக்குக் காரியம் கைகூடியது, பதில் தெரியாமல் வாயை மூடிக்கொண்டபோதுதான்.

மௌனத்தின் மதிப்புத் தெரிந்தவர்கள் யந்திர உலகத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம். ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்ஸன் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும் 1971இல் கணிப்பொறிகளை ரேடியோவால் இணைத்தார்கள். இரண்டு தீவுகள் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். உடனே இருவரும் மறுபடி பேசினால் மறுபடி மோதும். ஆகவே ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி, தோன்றிய அளவு நேரம் காத்திருந்து பேச வேண்டும் என்று வைத்தார்கள். இதைப் பார்த்து ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈதர்நெட் என்பதை ஆரம்பித்தார். அதன் விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. மோதல் நேர்ந்தால் விலகிக் காத்திரு. மறுபடி மோதினால், இன்னும் அதிகமாகக் காத்திருக்கவும் தயாராக இரு. 16ஆவது தடவையும் மோதினால், நிறுத்திக்கொள். மேலே இருப்பவரிடம், ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லிவிடு.

‘என்னால் முடியவில்லை.’ இந்தக் காலத்துச் செயலி எதுவும் இந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. சக்கரத்தைச் சுழற்றிக் காட்டுகிறது. உள்ளே எத்தனை தடவை தோற்றது என்பது எனக்கும் தெரியாது. அதை நடத்துகிற முதலாளிக்கும் தெரியாது. மூன்றாவது தடவையில் எப்படியோ ஒப்பேறிவிட்டதால், முதல் இரண்டு தடவை ஏன் தவறியது என்று ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை. கூரை ஒழுகுகிறது, பாத்திரம் வைக்கிறார்கள், ஒழுக்கு கூடினால் இன்னொரு பாத்திரம். வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது தரை காய்ந்துதான் இருக்கிறது.

‘போனால் போகிறது, இரண்டு பஸ் இடம்தானே? இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக டெக்ஸாஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கனடா தேசத்து அரசாங்க நிறுவனம் ஒன்று, புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுகிற தெராக்-25 என்ற யந்திரத்தைச் செய்தது. 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரி வரை அதில் படுத்த 6 பேர் அளவுக்கு மிஞ்சிய கதிரால் தாக்கப்பட்டார்கள். நான்சி லெவசன், கிளார்க் டர்னர் என்ற இருவர் 1993இல் இதை ஆராய்ந்து எழுதியிருப்பதைப் படித்தால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வராது. அந்த யந்திரம் எதற்கெடுத்தாலும் தடுக்கி நிற்கும். திரையில் ஏதோ ஒரு நம்பரைக் காட்டும். என்ன நம்பர், என்ன கோளாறு என்பதற்கு விளக்கம் கிடையாது. ஆனால் ‘பி’ என்ற ஒரு சாவி உண்டு. தொடர்க என்று அர்த்தம். அதை அழுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும். ஐந்து தடவை வரைக்கும் அப்படி ஆரம்பித்துக்கொள்ள அனுமதி. அதை இயக்கினவர்களுக்கு அழுத்தி அழுத்திக் கை பழகிவிட்டது.

1986 மார்ச்சில் டெக்ஸாஸில் டைலர் என்ற ஊரில், முதுகிலிருந்து கட்டி அகற்றப்பட்டதைத் தொடர்ந்த சிகிச்சைக்காக ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவருக்குக் கொடுக்க வேண்டியது 180 ராட். இயக்குகிற பெண்மணி வெளி அறையிலிருந்து ஆரம்பித்தார். யந்திரம் நின்றது, 54 என்ற நம்பரைக் காட்டிற்று, கொடுக்க வேண்டியதில் மிகக் கொஞ்சம்தான் போயிருக்கிறது என்றும் காட்டிற்று. அவர் வழக்கம்போல் ‘பி’யை அழுத்தினார். உண்மையில் முதல் தடவையிலேயே அந்த மனிதர் முதுகில் யாரோ சூடான காப்பியைக் கொட்டியது போல் துடித்து எழுந்திருக்கப் பார்த்தார். எழுகிற வேளையில் இரண்டாவது தடவை கையில் பாய்ந்தது. உள்ளே இருப்பவரைக் காட்டுகிற டெலிவிஷன் அன்று இணைக்கப்படவில்லை. பேசுகிற கருவியும் வேலை செய்யவில்லை. அவர் போய்க் கதவை இடித்தார். ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் அவர் உடம்பில் ஒரு சின்ன இடத்தில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து இறந்துபோனார்.

‘அங்கே மறுபடி அழுத்தியது மனுஷிதானே? யந்திரம் இல்லையே?’ என்று என் அக்காள் மகன் கேட்டான். அழுத்தியது அவர் விரல். காரியம் நடந்ததா இல்லையா என்பதே தெரியாத ஒரு யந்திரத்துக்கு, ஐந்து தடவை வரை ஒரே சாவியில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று எழுதியது யார்? ‘நடக்கவில்லை’ என்று பொய் சொல்லி அந்த விரலை அழைத்தது யார்? நின்ற யந்திரத்தின் முன்னால் ஒரு மனிதர் போய்க் கதவைத் திறந்து, ‘ஐயா, உங்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டுவிட்டு வந்துதான் மறுபடி தொட முடியும் என்று வைத்திருக்கலாம். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்தார்கள். அதே இரண்டு நிமிஷத்தைத்தான் என் பஸ் கம்பெனியும் மிச்சம் பிடித்திருக்கிறது என்றேன். பையன் பதில் சொல்லவில்லை. தன் மடிக்கணிப்பொறியைத் திறந்து, எதையோ தேடிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பஸ் கம்பெனிக்காரர்கள் மோசமானவர்கள் அல்ல. பதினோராம் நாள், உபயோகிக்காத இரண்டு இடத்துக்கான 2,900 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் இன்னொரு 2,900 ரூபாய் வந்தது. போன் செய்தேன். அதே மரியாதையான குரல். “சிஸ்டம் தானாவே...” என்று ஆரம்பித்தது. நான் போனை வைத்துவிட்டேன். இந்தப் பணத்தை யாரிடம் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.